நைட்ரோ எரிபொருளில் ஓடும் என் ஆர்சி பகி (ரிமோட் கார்) வலது வளைவில் சுழல்கிறது, இடது வளைவில் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஆயில்களை மாற்றியும் பலனில்லை, பிரேக் பிடித்தாலும் ஒரு பக்கம் நழுவுகிறது. எந்த செட்டிங்கை மாற்றினால் சரியாகும்?

இப்போதைக்கு எந்த செட்டிங்கையும் புதிதாக மாற்றாதீர்கள். பின் டிஃப் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர் தொகுதி) ஆயிலை 3000-இலிருந்து 5000-க்கு (எண் கூடினால் ஆயில் கெட்டி) மாற்றிப் பார்த்தேன், ஷாக் ஆயிலும் மாற்றினேன், பலன் இல்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். பலன் இருக்காது. ஆயில், ஸ்பிரிங், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும் சமாச்சாரம். கார் எல்லா வளைவிலும் வெளியே தள்ளினால் ஆயிலைப் பற்றி யோசிக்கலாம். ஒரு பக்கம் ஒரு குணம், மறுபக்கம் வேறு குணம் என்றால் கார் நேராக இல்லை, முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். முறுக்கிய வண்டியில் ஆயில் மாற்றுவது வீண் செலவு.

நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் உங்களுடையது 1/8 அளவு (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு) பகி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, முன்பு வைத்திருந்தவர் அதை நன்றாகக் குதிக்கவிட்டு ஓட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். புது வண்டி என்றாலும் கீழே எழுதியிருப்பது பொருந்தும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் (அச்சு, கருவிகள் செய்யும் பட்டறை) வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாததற்குக் காரணம், இதே தொல்லையோடு எங்கள் பட்டறைக்கு எதிர்வீட்டுப் பையன் ஒருவன் அலைந்தான். இன்ஜினியரிங் படிக்கிற பையன், டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் பழைய பகி ஒன்று வாங்கியிருந்தான். வலது பக்கம் திருப்பினால் பின்பக்கம் விலகிச் சுற்றிவிடும், இடது பக்கம் திருப்பினால் முன்பக்கம் பிடிக்காமல் அப்படியே வெளியே போகும். யூடியூப்பில் சொன்னதையெல்லாம் செய்தான். மூன்று டிஃபிலும் ஆயில் மாற்றினான், ஸ்பிரிங் செட் வாங்கினான், டயர் வாங்கினான். கடைசியில் வண்டியை விற்ற கடையிலேயே கொண்டுபோய்க் காட்டினால், அங்கிருந்தவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "சேசிஸ் போச்சு தம்பி, புது கிட் எடுத்துக்கோ" என்றிருக்கிறார். பையன் முகம் வாடிப்போய் வந்தான். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பொருளை அளக்காமல் "போச்சு" என்று எப்படிச் சொல்ல முடியும்?

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வரச் சொன்னேன். டேங்கைக் காலி செய்து, பாடி, சக்கரம், ஷாக், ஸ்வே பார் (இடது வலது சஸ்பென்ஷன் கைகளை, அதாவது ஆர்ம்களை, இணைக்கும் கம்பி) எல்லாவற்றையும் கழற்றினோம். சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகை) இரண்டு பேரலல் பிளாக் வைத்து, சேசிஸின் தட்டையான நடுப்பகுதியை அதன் மேல் உட்கார வைத்தேன். முன்னால் மேல்நோக்கி வளைந்திருக்கும் பகுதியைச் சேர்க்கக் கூடாது, அது வளைவாகத்தான் இருக்க வேண்டும். விரலால் ஒவ்வொரு மூலையாக அழுத்தினால் பின் வலது மூலையில் மட்டும் டக் டக்கென்று சத்தம். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய இரும்பு இலைகள்) 0.30 மி.மீ. இலை அந்த மூலைக்கு அடியில் தாராளமாகப் போய் வந்தது. அது 3 மி.மீ. அலுமினியத் தகடு. நிஜமாகவே வளைந்துவிட்டதா, அல்லது மேலே பூட்டியிருக்கிற ஏதோ ஒன்று அதை இழுத்துப் பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஃபீலர் இலையை அங்கேயே விட்டுவிட்டு, மேலே உள்ள திருகுகளை ஒரு இடத்துக்கு ஒன்றாக அரைச் சுற்று தளர்த்திக்கொண்டே போவது. முன் பிரேஸ், பின் பிரேஸ், ரேடியோ பாக்ஸ், நடு டிஃப் மவுண்ட். ஒன்றிலும் மாற்றமில்லை, இலை லூசாகவே ஆடியது. பிறகு இன்ஜின் மவுண்டின் அடித் திருகுகளைத் தளர்த்தியதும் இலை இறுகிவிட்டது. இழுத்தால் வரவில்லை. சேசிஸ் தானாகப் படிந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பையன் இலையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்போ சேசிஸ் நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டான். நல்லாத்தான் இருந்தது.

இன்ஜினுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மவுண்ட். அதில் ஒன்று வண்டியோடு வந்தது, இன்னொன்று உடைந்தபோது யாரோ வேறு எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள். டயல் கேஜில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உயரத்தில் 0.2 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வித்தியாசம். இன்ஜின் கிராங்க்கேஸ் கெட்டியான கட்டை, அது வளையாது. அடியில் திருகை முறுக்கும்போது வளைவது சேசிஸ்தான். இரண்டு மவுண்டையும் மில்லிங் வைஸில் சேர்த்துப் பிடித்து, ஃப்ளை கட்டர் போட்டு, இரண்டும் சமமாகும் வரை லேசாக ஒரு கட் எடுத்தோம். உயரம் குறைந்ததால் கிளட்ச் பெல்லுக்கும் ஸ்பர் கியருக்கும் உள்ள மெஷை (பல் இடைவெளியை) ஒரு தாள் துண்டு வைத்து மறுபடி சரிசெய்தோம். அவ்வளவுதான் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்மண் மைதானத்தில் அதே ஆயில், அதே ஸ்பிரிங்கோடு ஓட்டினான். வலது பக்கம் ஒரு வட்டம், இடது பக்கம் ஒரு வட்டம், இரண்டும் ஒரே அளவில் விழுந்தன.

உங்களிடம் சர்ஃபேஸ் பிளேட் இருக்காது, பரவாயில்லை. தடிமனான கண்ணாடியோ சமையல்மேடை கிரானைட்டோ போதும், ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்வே பார்களின் லிங்கைக் கழற்றிவிடுங்கள். நான்கு ஷாக்கின் நீளத்தையும் வெர்னியரில் அளந்து, முன் ஜோடி சமமாகவும் பின் ஜோடி சமமாகவும் இருக்கும்படி ராட் எண்டைத் திருகுங்கள். ஸ்பிரிங் காலரும் அப்படியே. பிறகு வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, பின்பக்க நடுவில் ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். எந்தச் சக்கரம் பிந்தி எழுகிறதோ அதன் மேல்தான் கூடுதல் பாரம். முன்பக்கமும் இதே மாதிரி பாருங்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே பக்கச் சக்கரம் பிந்தினால் அந்தப் பக்கம் எடை கூடுதல், அவ்வளவே. முன்னால் வலது, பின்னால் இடது என்று குறுக்காகப் பிந்தினால் அதுதான் முறுக்கு. ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி, எதிரெதிர் மூலை இரண்டும் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். முன் வலதும் பின் இடதும் பாரம் தாங்கினால் இடது வளைவில் கார் வெளியே தள்ளும், வலது வளைவில் பின்பக்கம் விலகும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான்.

முறுக்கு எல்லா நேரமும் சேசிஸில் இருக்காது. ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மைத் தூக்கி விட்டால் அது தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். பாதியில் நின்றால் ஆர்மைத் தாங்கும் கம்பி (ஹிஞ்ச் பின்) வளைந்திருக்கும், அல்லது ஓட்டையில் மண் அடைத்திருக்கும். அந்தக் கம்பியை உருவி கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு கண்ணுக்கே தெரியும். ஸ்வே பாரை மறுபடி மாட்டும்போது ஒரு பக்க ஆர்மை மெல்லத் தூக்குங்கள், எந்த இடத்தில் மறுபக்க ஆர்ம் அசையத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்கும்வரை லிங்கைத் திருகுங்கள். இதை நிறைய பேர் பார்ப்பதே இல்லை.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் நழுவுகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதற்காக பிரேக் பேடைக் குடையாதீர்கள். நிஜக் காரில் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருப்பதால் ஒன்று பிடித்து ஒன்று பிடிக்காமல் போகலாம். நம் பகியில் பிரேக் டிஸ்க் நடு டிஃபின் இரு புறமும் இருக்கிறது, ஒன்று முன் ஆக்சிலுக்கு, ஒன்று பின்னுக்கு. அதனால் பிரேக் பேடால் இடது வலது வித்தியாசம் வராது. பின் பிரேக் அதிகமாக இருந்தால் வண்டி சுழலும், அதற்கு பின் லிங்கேஜைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஒரு பக்கமாக இழுத்தால் பெரும்பாலும் முறுக்கு, டோ அளவு (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்), ஹப் பேரிங் ஆட்டம், டயர் இந்த நான்கில் ஒன்றுதான். டயரில் பசை விட்டிருக்கிறதா என்று விளிம்பைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் எண்ணெயில் ஊறியிருந்தாலும் அந்தச் சக்கரம் வேறு மாதிரிதான் ஓடும்.

இன்னொன்று, நைட்ரோவுக்கே உரிய விஷயம். இன்ஜின் கோளாறு பல நேரம் ஹேண்டிலிங் கோளாறு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஐடில் ஏறியிருந்தால் த்ராட்டிலை விட்ட பிறகும் கிளட்ச் பாதி பிடித்தபடியே இருக்கும், வண்டி வேகம் குறையாமல் வளைவுக்கு வெளியே போகும். நீங்கள் "ஸ்டீயரிங் போதவில்லை" என்று நினைத்து முன் ஸ்பிரிங்கை மாற்றுவீர்கள். வண்டியைக் கட்டை மேல் தூக்கி வைத்து இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள், சக்கரம் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைப் பாருங்கள், கார்புரேட்டர் திறப்பு ஒரு மி.மீ.க்குள் இருக்கட்டும். கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கிளட்ச் பெல் பேரிங் இறுகியிருக்கலாம். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் பழசாகிக் காற்று கசிந்தாலும் எரிபொருள் குறைந்து ஐடில் ஏறும். அப்புறம், 125 மில்லி டேங்க் நிறைந்திருந்தால் அதிலேயே சுமார் 110 கிராம் எடை, வண்டி மொத்தமே மூன்றேகால் மூன்றரை கிலோதான். அதனால் நிறைந்த டேங்கோடு ஒரு தடவையும் காலி டேங்கோடு ஒரு தடவையும் ஓட்டி ஒப்பிட்டு குழம்பாதீர்கள். எப்போது ஒப்பிட்டாலும் பாதி டேங்கில் ஒப்பிடுங்கள்.

"இவ்வளவு எழுதியவர் டிஃப் ஆயில் நம்பரே சொல்லவில்லையே" என்று யாராவது கேட்கக்கூடும். சொல்கிறேன். நான் ரேஸ் ஓட்டுகிறவன் கிடையாது, அளக்கத் தெரிந்தவன். பொதுவாக முன்னால் 5000, நடுவில் 7000, பின்னால் 2000 அல்லது 3000, பின் டோ இன் பக்கத்துக்கு 3 டிகிரி, கேம்பர் மைனஸ் 1 முதல் 2. இதிலிருந்து தொடங்கினால் தப்பில்லை. பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் வேறு நம்பர் சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேராக இல்லாத வண்டியில் எந்த நம்பரும் நிற்காது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "நைட்ரோ எதற்கு, பிரஷ்லெஸ் எலக்ட்ரிக் வாங்கு" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் வண்டியும் முறுக்கும்.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன் என்று தெரிகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ரேஸ் வீரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டிய ஊர் எங்கள் ஊர். செட்டிபாளையத்தில் இருக்கிற ரேஸ் டிராக்கே அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஊரிலேயே இன்று ஃபிட்டர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. வந்தாலும் தங்குவதில்லை. டூல் ரூமில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள், ஏசி ஆபீசில் பாதிச் சம்பளம் வாங்கினாலும் அந்த மாப்பிள்ளைதான் வேண்டுமாம். ஒரு தகட்டை மட்டத்தில் வைத்து இலை விட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் பட்டறையில் இப்போது தலை நரைத்தவர்கள்தான். அந்த எதிர்வீட்டுப் பையன் அன்றைக்கு மாலை முழுக்க எழுந்து போகாமல் ஃபீலர் கேஜை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கல்லூரியில் அதைக் கையில் கொடுத்ததே இல்லையாம், படம் மட்டும் காட்டியிருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஸ்வே பாரைக் கழற்றி, ஷாக் நீளத்தைச் சமமாக்கி, முன்னும் பின்னும் தூக்கிப் பார்த்து, எந்தச் சக்கரம் பிந்தி எழுகிறது என்று பதிலில் எழுதுங்கள். அதோடு இன்ஜின் மவுண்ட் திருகுகளைத் தளர்த்திய பிறகு அதில் மாற்றம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தளர்த்திய திருகுகளை மறுபடி பூட்டும்போது த்ரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போட மறக்க வேண்டாம், நைட்ரோ இன்ஜின் அதிர்வில் போடாத திருகு ஒரு டேங்க் முடிவதற்குள் கழன்றுவிடக்கூடும். பின் டிஃபில் 5000 ஊற்றியிருக்கிறீர்களே, அதை இப்போதே பழைய 3000-க்கு மாற்றி வையுங்கள்.