அப்பா பக்கத்துப் புற்றுநோய் எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 34 வயது, மும்பை செம்பூரில் இருக்கிறேன். திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தைக்கு (அப்பாவின் தங்கை) 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். அப்பாவைப் பெற்ற ஆச்சி சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். ‘அப்பா வழிதானே, உனக்கு வராது’ என்கிறார்கள். இங்கே ஒரு லேபில் மரபணு டெஸ்ட் எடுத்துவிடட்டுமா?

பதில்: வராது என்று சொன்னது யாராக இருந்தாலும் தப்பு. என்னிடம் வருகிறவர்களும் அம்மா, சித்தி, பெரியம்மா என்று வரிசையாகச் சொல்வார்கள், அப்பா பக்கத்தை நான் கேட்டால்தான் வாய் திறப்பார்கள். மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990ல் சுட்டிக்காட்டி, 1994ல் பிடிபட்ட பிஆர்சிஏ-1 மரபணு (இது கெட்டால் மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு கூடும்) 17வது குரோமோசோமில் இருக்கிறது, அடுத்த ஆண்டு கிடைத்த பிஆர்சிஏ-2 13வதில். இவை ஆண், பெண் இருவருக்கும் உள்ளவை. அப்பாவிடம் கோளாறு இருந்தால், அவருக்கு ஒன்றும் வராமலே, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பில் போகும்.

மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் பரம்பரையாக வருவது. ஆனால் இளம் வயதில் மார்பகம், அதே வழியில் சினைப்பை என்று சேர்ந்து வரும்போது நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

டெஸ்ட் எடுக்கலாம், ஆனால் முதலில் நீங்கள் இல்லை, அத்தை. ஊதா மூடி போட்ட குப்பியில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். நீங்கள் மட்டும் எடுத்து ‘இல்லை’ என்று வந்தால், கோளாறு உங்களுக்கு வராமல் போனதா, அல்லது குடும்பத்தில் இருப்பது இந்த டெஸ்டில் சிக்காத வேறு ஏதோவா என்று சொல்ல முடியாது. அத்தையிடம் கண்டுபிடித்துவிட்டால் அதை மட்டும் அப்பாவிடம் தேடலாம், அவரிடம் இல்லையென்றால் அந்தக் கவலை அங்கேயே முடிந்தது. ‘என்னால உனக்கும் வந்துருச்சோ’ என்று அத்தை கலங்கக்கூடும், பக்குவமாகக் கேளுங்கள், அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இது தேவை.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் சில சமயம் ‘மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை’ என்று வரும். உலகின் மரபணுத் தகவல் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது, நம் ஆட்களின் ரத்தம் அதில் குறைவு, அதனால் நமக்கு இந்தக் குழப்பம் கூடுதல். இப்படி வருபவற்றில் பெரும்பாலானவை பிறகு சாதாரணம் என்றே முடிவாகின்றன. அதை வைத்துக்கொண்டு யாராவது ஆபரேஷன் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். லேப் பேக்கேஜில் எனக்குப் பிடிக்காததே இதுதான், தாளை மெயிலில் அனுப்பிவிடுவார்கள், அதை உட்கார்ந்து விளக்க ஆள் இருக்காது. மரபணு ஆலோசகர் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனையாகப் போங்கள்.

கோளாறு உங்களிடம் உறுதியானாலும் உடனே மார்பை எடுக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வயதில் ஆண்டுக்கொரு எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). சினைப்பை விஷயம் வேறு, அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான ஸ்கிரீனிங் கிடையாது, அதனால் சினைப்பையை எடுப்பது பற்றி யோசிக்க வேண்டிவரும், குழந்தை திட்டம் இருந்தால் அதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அத்தையின் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடச் சொல்லுங்கள், ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாத வகை, பிஆர்சிஏ-1 கோளாறில் அதிகம் வருவது) என்று அதில் இருந்தால் எனக்கு அதுவே பெரிய துப்பு. நடுவில் மார்பில் கட்டி ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால் இந்த டெஸ்டுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே காட்டுங்கள்.