குண்டா, கொக்கியா, கட்டையா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலம் தாண்டிச் செம்மண் பாதையில் கேம்பிங் டிரெய்லர் இழுத்துப் போகிறவர்களின் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில், வண்டியையும் டிரெய்லரையும் பிணைக்கும் இணைப்பைப் பற்றிய சில இங்கே. டிரெய்லரின் முனையில் இருக்கும் பூட்டுதான் கப்ளர்; அது கவ்விக்கொள்ளும், வண்டிப் பக்கத்து இரும்பு உருண்டைதான் குண்டு.

என் டிரெய்லர் முழுப் பாரத்தோடு 1,200 கிலோதான். 3,500 கிலோ தாங்கும் கப்ளர் வாங்கியிருக்கிறேன். காட்டுப் பாதைக்கு இது போதாதா? (ஈசூன் வாசகர்)

எடைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் காட்டுப் பாதையில் கப்ளரை உடைப்பது எடை இல்லை, கோணம்.

குண்டு மேல் உட்காரும் சாதாரண கப்ளர் மேலும் கீழுமாக ஏறக்குறைய 20 பாகையும், பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ள ஏறக்குறைய 25 பாகையும்தான் இடம் கொடுக்கும். விரைவுச்சாலைக்கு அது வேண்டிய மட்டும். ஜொகூரில் காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா பக்கம் உள்ளே போய்ப் பாருங்கள். மழைநீர் அறுத்த பள்ளம் ஒன்றில் பிக்கப் ஏறி மூக்கைத் தூக்குகிறது, டிரெய்லர் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் கப்ளரின் உதடு குண்டின் கழுத்தில் போய் முட்டும். முட்டிய பிறகு அது இணைப்பு இல்லை, கடப்பாரை. இரண்டு வண்டிகளின் பாரமும் சேர்ந்து நெம்பினால் அச்சடித்த தகட்டில் செய்த கப்ளர் வாய் பிளக்கும், இல்லையென்றால் போல்ட் துளையில் விரிசல் விடும். பட்டறைக்கு வரும் கப்ளரில் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளைகளைத்தான்.

ஆகவே கோணம் கொடுக்கும் இணைப்பாகப் பாருங்கள். ஆஸ்திரேலியர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்களுடைய டிரெக் இணைப்பில் நடுவே ஒரு பாலியூரித்தேன் கட்டை இருக்கும். அதிர்வை அது வாங்கிக்கொள்ளும், சத்தமும் குறைவு. ஆனால் இணைப்பு முள்ளை (பின்) துளைக்குள் நேராக நுழைக்க வேண்டும். சரிவான இடத்தில், இருட்டில், கொசுக்கடிக்கு நடுவே இதைச் செய்யும்போது மனைவியோடு சண்டை வரும். டிஓ35 என்ற இன்னொரு வகையில் வண்டிப் பக்கம் நிமிர்ந்து நிற்கும் முள்ளின் மேல் கப்ளரை இறக்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், எல்லாப் பக்கமும் தாராளமாகத் திரும்பும். டிரெய்லர் கவிழ்ந்தாலும் வண்டியைக் கூடவே முறுக்கி இழுக்காது. குறை என்னவென்றால், அந்த முள் இல்லாத வேறு வண்டியால் உங்கள் டிரெய்லரை இழுக்க முடியாது. நண்பரின் பிக்கப்பை நம்பிப் போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, கெட்டியான செம்மண் சாலையில் மட்டும் போகிறீர்களா? நல்ல, வார்த்துச் செய்த கப்ளரும் குண்டும் போதும். காசை டயரில் போடுங்கள்.

தேசிய சேவையில் ராணுவ லாரிக்குப் பின்னால் பார்த்த பெரிய கொக்கி எதற்கும் அசையாதே, அதையே போடலாமா? (புக்கிட் பாஞ்சாங்)

அது பிண்டல் கொக்கி. டிரெய்லரின் வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவே இடைவெளி இருப்பதால்தான் அது எந்தக் கோணத்துக்கும் வளைந்து கொடுக்கிறது. அதே இடைவெளிதான் ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டங்’ என்று இடிக்கும். பீரங்கி இழுக்கும் லாரிக்கு அது பொருட்டே இல்லை. பின் இருக்கையில் குழந்தைகளோடு மெர்சிங் வரை போகிறவருக்கு வடக்கு-தெற்கு விரைவுச்சாலை முடியும் முன்பே தலைவலி வந்துவிடும். கனமான டிரெய்லர் இல்லையென்றால் வேண்டாம்.

இணையத்தில் வாங்கிய 2 அங்குல கப்ளர் என் 50 மி.மீ. குண்டில் ஆடுகிறது. பழகினால் சரியாகிவிடுமா? (தெம்பனிஸ்)

ஆகாது, கழற்றிவிடுங்கள். 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. முக்கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த இடைவெளி வழியாகத்தான் கப்ளர் மேலே கழன்று வரும். தலைகீழ்க் கதை இன்னும் மோசம்: 50 மி.மீ. கப்ளரை 2 அங்குல அமெரிக்கக் குண்டில் திணித்தால் பூட்டியதுபோல் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. குண்டின் மேல் பொறித்திருக்கும் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். பழைய 50 மி.மீ. குண்டு 49க்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எந்தக் குண்டு கப்ளரானாலும், பூட்டிய பிறகு டிரெய்லர் மூக்கில் உள்ள சிறு சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கைத் தூக்குங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அரை நிமிட வேலை.

ஐரோப்பிய கப்ளர்களில் ‘டி’ என்று ஓர் எண் இருக்கிறதே? (ஜூரோங்)

இழுக்கும்போது இணைப்பு தாங்கும் விசை, கிலோநியூட்டனில். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையும் டிரெய்லர் எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்குங்கள். 3 டன் பிக்கப், 1.5 டன் டிரெய்லர் என்றால் 9.81 வரும். கப்ளரில் இருக்கும் எண் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கப்ளர், குண்டு, குண்டைத் தாங்க வண்டியின் பின்னால் பொருத்தும் இழுவைச் சட்டம் மூன்றிலும் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

கிரீஸ் பூசலாமா? (பல வாசகர்கள்)

வெறும் குண்டுக்கு மெல்லிசாகப் பூசலாம். மணல் ஒட்டினால் கிரீஸே அரம் ஆகிவிடும், ஆகவே காட்டிலிருந்து வந்ததும் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். உராய்வுப் பட்டை வைத்த ஆட்டத்தடுப்புக் கப்ளருக்கு ஒரு சொட்டும் கூடாது. படகு இறக்குபவர்கள் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், முக்கியமாக உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை. முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

பாதுகாப்புச் சங்கிலியை எப்படி மாட்டுவது? (செங்காங்)

இரண்டு சங்கிலிகளையும் டிரெய்லரின் இழுவைத் தண்டுக்குக் கீழே குறுக்காக. கப்ளர் கழன்றால் தண்டு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். திருப்பத்தில் இழுபடாத அளவு நீளம் விடுங்கள், தரையில் உரசவும் கூடாது. சங்கிலியை வண்டியில் மாட்டும் ஷேக்கிளில் (கொண்டி) தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். பொறிக்காத ஷேக்கிளைச் சாவிக்கொத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இழுவைச் சட்டம் பொருத்த எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேண்டுமா? (உட்லண்ட்ஸ்)

வாகன மாற்றங்களை எல்டிஏ மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, தேவையானவை, அறவே கூடாதவை. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் துளை போடச் சொல்லுங்கள்.