கணினி கேள்வி–பதில்: கோப்புகளை மட்டும் காப்பி செய்தால் போதுமா?

கேள்வி: அச்சகங்களுக்கு டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலை செய்து தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர் 7 மென்பொருளில், பாமினி எழுத்துருவில் செய்த பல ஆண்டு வேலைகள் முழுவதும் விண்டோஸ் 10 உள்ள ஒரே கணினியில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால் 11-க்கு மாற்றிவிடலாம் என்கிறார் சர்வீஸ் செய்பவர். அதற்கு முன் ‘டி’ டிரைவை அப்படியே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துகொண்டால் போதுமா? (வாசகர், சிவகாசி)

பதில்: உங்கள் தொழிலுக்குப் போதாது. ‘டி’ டிரைவில் இருப்பவை நீங்கள் செய்த கோப்புகள் மட்டுமே. அவற்றைத் திறக்கும் பேஜ்மேக்கர், தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பிரிண்டர் டிரைவர், எழுத்துருக்கள் ஆகியவை பொதுவாக ‘சி’ டிரைவில்தான் இருக்கும். பாமினி, தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் தரும் பொதுத் தரமான யூனிகோடு முறை எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அதையடுத்து ஓர் அரைப்புள்ளியும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறத் தேவையில்லை. எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஆனால் அந்த எழுத்துருவின் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் இன்றே தனியாக நகல் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் படங்களும் கடிதங்களும் மட்டும் வைத்திருப்பவருக்குக் கோப்புகளை நகலெடுப்பதே பெரும்பாலும் போதுமானது. பேஜ்மேக்கரின் சிடியும் சீரியல் எண்ணும் எங்கே போயினவோ என்ற நிலையில் உள்ள கடைகளுக்கோ, டிஸ்க் முழுவதையும் இயங்குதளத்தோடும் மென்பொருள்களோடும் சேர்த்துப் பதிவு செய்யும் ‘சிஸ்டம் இமேஜ்’ அவசியம். கண்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பழைய பெயரிலேயே இந்த வசதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இதை மேம்படுத்துவதை 2017-லேயே நிறுத்திவிட்டது என்றாலும் இன்றும் வேலை செய்கிறது. இதில் நம்பிக்கை இல்லாதவர்கள் இலவச மென்பொருளான குளோன்ஸில்லாவைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் திரைகளைப் பொறுமையாகப் படித்துப் பழக வேண்டும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். கடையில் புதிதாக வாங்குபவற்றில் பல வேறு முறையில் இருக்கும். இமேஜ் எடுத்ததும் அந்த டிஸ்க்கில் ‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ என்ற ஃபோல்டர் உருவாகும். அதன் பெயரை மாற்றினாலோ இன்னொரு ஃபோல்டருக்குள் நகர்த்தினாலோ, ரீஸ்டோர் செய்யும்போது கணினி அதைக் கண்டுபிடிக்காது. 16 ஜிபியோ அதற்கு மேலோ கொள்ளும் பென் டிரைவ் ஒன்றில் ‘ரெக்கவரி டிரைவ்’ ஒன்றையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் திறக்கவே மறுக்கும் நாளில் கணினியை அதிலிருந்துதான் துவக்க வேண்டும். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்கள்.

இமேஜை மீட்டால் இமேஜ் எடுத்த நாளின் நிலைக்கே டிஸ்க் திரும்பும். அதன் பிறகு செய்த வேலைகள் எதுவும் அதில் இருக்காது. ஆகவே மீட்கும் முன் புதிய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்தாக வேண்டும். பழைய டிஸ்க்கைவிடக் கொள்ளளவில் சிறிய எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தகடு இல்லாத புதுவகை டிஸ்க்) விண்டோஸின் இமேஜை மீட்க முயன்றால், உள்ளே பாதி இடம் காலியாக இருந்திருந்தாலும் அது பெரும்பாலும் மறுத்துவிடும். 11-க்கு மாறிய பிறகு பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாமே என்று சர்வீஸ் செய்பவர் சொல்லக்கூடும். விண்டோஸே தரும் அந்த வசதிக்கு வழக்கமான கெடு 10 நாள்தான். இமேஜுக்குக் கெடு இல்லை.

எடுத்த நகலை அன்றே சோதித்துப் பாருங்கள். ரெக்கவரி டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, ‘சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி’ வரை சென்று, உங்கள் இமேஜ் உரிய தேதியுடன் பட்டியலில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள். பிறகு நகலெடுத்த கோப்புகளில் ஒன்றைப் பாமினி இல்லாத வேறொரு கணினியில், அதில் பேஜ்மேக்கர் மட்டும் இருந்தால் போதும், திறந்து பாருங்கள். நீங்கள் எடுத்துவைத்த எழுத்துருவை நிறுவியதும் பக்கம் சரியாக வர வேண்டும்.

கேள்வி: தவறுதலாக அழித்த குடும்பப் படங்களைத் திரும்பப் பெற ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ செய்தேன். கணினி பழைய தேதிக்குப் போனது. படங்கள் மட்டும் வரவில்லையே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வராது. அது இயங்குதளத்தின் கோப்புகளையும் அமைப்புகளையும் டிரைவர்களையும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோவதற்கானது. சொந்தப் படங்களை அது தொடுவதில்லை. முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் கணினியை நிறுத்திவிட்டு, மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு, எஸ்.எஸ்.டி. என்றால், அழித்த இடங்களை அதுவே துடைத்துவிடுவதால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் தினமும் இரவில் தானாக பேக்கப் ஆகும்படி அமைத்து, டிஸ்க்கை எப்போதும் இணைத்தே வைத்திருக்கிறோம். இதற்கு மேலும் கவலைப்பட வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினியில் நுழைந்தால் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், இணைக்கப்பட்ட டிரைவுகளில் இருந்த கோப்புகளையும் விடவில்லை. இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

தானாக நடப்பதாக நாம் நம்பும் வேலை உண்மையில் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் உருவாக்குவோரின் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட, அன்றாட பேக்கப்பைத் தேடியபோது அது சில காலமாகவே தோல்வியடைந்து வந்திருப்பது தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. மாதம் ஒரு முறையாவது பேக்கப்பிலிருந்து ஏதேனும் ஒரு கணக்குக் கோப்பை வேறு ஃபோல்டரில் மீட்டு, திறந்து, கடைசிப் பதிவின் தேதி முந்தைய நாளுடையதுதானா என்று சரிபார்க்கும் பொறுப்பை ஒரே ஊழியரிடம், பெயர் குறித்து ஒப்படையுங்கள்.