குற்றவியல் துறையில் என்ன படிக்கலாம், எங்கே வேலை? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

குற்றவியல் நீதிமன்றங்களில் 22 வருடம் அரசுத் தரப்பில் வாதாடியவன் நான். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவி, தேனி: கிரிமினாலஜி படிக்க ஆசை. ரத்தக்கறை, கைரேகை ஆராயும் வேலைக்குப் போகணும். சரியான படிப்புதானா ஐயா?

இல்லைம்மா, இரண்டும் வேறு. குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை ஆளைத் திருத்துகிறதா என்று மனிதர்களைப் படிப்பது கிரிமினாலஜி. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் துறைகள் உண்டு. நீ கேட்கும் வேலை தடயவியல், அதாவது ஆய்வுக்கூட வேலை. முதலில் வேதியியலிலோ உயிர்வேதியியலிலோ பி.எஸ்சி. முடி; முதுகலையில் தடயவியலுக்குப் போ. ஆய்வகப் பணி அறிவிக்கைகளில் பெரும்பாலும் அடிப்படை அறிவியல் பட்டத்தைத்தான் கேட்கிறார்கள். கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை அப்பாவோடு உட்கார்ந்து படி. பட்டத்தின் பெயரை நம்பிச் சேர்ந்துவிட்டுத் தவித்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

தடயவியல் ஆட்களின் தேவை கூடிக்கொண்டுதான் போகிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. இதை முழுமையாக அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம்.

டிகிரி முடித்த தம்பி, கரூர்: உயரம் 163 செ.மீ. எஸ்.ஐ. ஆக வழி உண்டா?

வழக்கமான எஸ்.ஐ. தேர்வில் ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது, தம்பி. குரூப் 4 எழுதினால் காவல்துறையிலேயே அமைச்சுப் பணி, அதாவது அலுவலக எழுத்து வேலை, கிடைக்கலாம். அதற்கு யாரும் உயரம் அளக்க மாட்டார்கள்.

சட்ட மாணவர், சென்னை: முடித்ததும் நேராக சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதலாமா சார்?

முடியாது. மூன்றாண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. ஏ.பி.பி., அதாவது அரசு உதவி வழக்கறிஞர், என்றால் குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு தேவை. அதை நான் தடையாகப் பார்க்கவில்லை. நல்ல கிரிமினல் சீனியரிடம் ஜூனியராகச் சேருங்கள். பயந்து நிற்கும் சாட்சியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பது கோர்ட்டில் நின்றால்தான் வரும்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த பெண், திருச்சி: தப்பு செய்த பிள்ளைகளோடு வேலை செய்ய விருப்பம்.

உங்களைப் போன்றவர்கள்தான் குறைவாக வருகிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தொடங்கலாம்; பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில்தான், சம்பளம் குறைவு, அதைத் தெரிந்தே வாருங்கள். தப்பு செய்த பிள்ளைகளை மேற்பார்வை செய்யும் நன்னடத்தை அலுவலர் பணி அறிவிப்பையும் கவனியுங்கள். இந்தப் பிள்ளைகளின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார்கிறார்கள், அதில் ஒருவராவது பெண். குழந்தைகள் நலனில் ஏழாண்டு அனுபவம் இருந்தால் அந்த நாற்காலிக்கு நீங்களும் விண்ணப்பிக்கலாம்.

பெயர் வேண்டாம், தென் மாவட்டம்: ஊர்த் திருவிழா சண்டையில் என் மேல் கேஸ். விடுதலை ஆகிவிட்டது. போலீஸ் வேலைக்குப் போடும்போது சொல்லணுமா அண்ணே?

கட்டாயம் சொல்லணும். தமிழ்நாட்டுக் காவல் பணி விதியில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்திருந்தாலோ, புகார் கொடுத்தவர் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானதால் விடுதலை ஆகியிருந்தாலோ, கேஸில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். ஊரில் ராஜியாகிப் பேசி முடித்த கேஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. அதனால் உன் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். மறைத்தால் சரிபார்ப்பில் வெளியே வரும், அப்போது மறைத்ததே தனிக் காரணமாகிவிடும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் நடந்த அற்ப விஷயமாக இருந்தால் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்றது. ஆனாலும் முடிவு அவர்கள் கையில். எஃப்.ஐ.ஆர். நகல், தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டையும் இந்த வாரமே வாங்கி, ஒரு வக்கீலிடம் காட்டு. விண்ணப்பத்தில் கேஸ் எண்ணோடு எழுது.