திரைப்பாடல்களைக் கலை என்று சொல்லலாமா, அவை வெறும் வணிகப் பொருள்தானா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், சினிமாப் பாட்டைச் சிலாகித்ததற்காகச் சங்கீதம் தெரிந்த யாரிடமோ பேச்சு வாங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்று, பிழைப்புக்காக மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் வயலின் வாசித்த எனக்கும் அந்தப் பேச்சு பழக்கமானதே.

1991 தீபாவளிக்கு வந்த ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ரஜினிகாந்த் படம், பண்டிகை வெளியீடு, ஆட்டப்பாட்டு என்று வணிகம் கேட்பது அத்தனையும் அதில் உண்டு. அதற்குள்ளேயேதான் இளையராஜா ‘குனித்த புருவமும்’ என்ற அப்பர் தேவாரத்தை வைத்தார். திருவிழா மேடைகளில் அந்தப் பாட்டு இல்லாமல் எங்களை இறங்க விடமாட்டார்கள். ஒலிப்பதிவில் கூட்டமாக ஒலிக்கும் வயலின்களை என் ஒரு வயலினும் ஒரு கீபோர்டும் கொண்டு ஈடுகட்ட வேண்டியிருந்ததால், டேப்பை நிறுத்தி நிறுத்திக் கேட்டு ஒவ்வொரு இடையிசைக்கும் ஸ்வரம் எழுதி வைத்திருந்தேன். ஓர் ஊரில் நேரம் போதவில்லையென்று தேவாரத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்குத் தாவினோம். பாட்டு முடிந்ததும், முன்னால் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களே “தேவாரம் எங்கே?” என்று சத்தம் போட்டார்கள், மறுபடியும் முழுப் பாட்டையும் வாசித்த பிறகுதான் அடங்கினார்கள். ஆடுவதற்குத் தாளம் மட்டும் போதுமென்றால் அவர்கள் அதைத் தேடியிருக்க வேண்டியதில்லை.

எல்லாத் திரைப்பாடலும் கலை என்று நான் வாதிடவில்லை. வந்த வேகத்தில் மறைந்த பாடல்களையும் ஏராளமாக வாசித்திருக்கிறேன். ஆனால் காசுக்குச் செய்வது கலையாகாது என்பவர்கள், சபாக்களில் டிக்கெட் போட்டு நடக்கும் கச்சேரிகளை என்னவென்று சொல்வார்கள்?

பாட்டை வெறும் சரக்காகப் பார்ப்பதில் நஷ்டப்படுபவர்கள் அதை உருவாக்கியவர்கள் என்பதே என் ஆற்றாமை. படத்துக்காகப் பணம் பெற்று அமைத்த இசையின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமப் பங்கு என்ற நிலை 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகே வந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து வயலின் வாசித்தவர்களுக்கோ, கேசட் உறையில் பெயர் போடும் மரியாதைகூடப் பெரும்பாலும் கிடைக்கவில்லை.