ஒருவருக்கு ஒரு கதை

அன்புள்ள ஐயா,

அறவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அமெரிக்கத் தத்துவவாதி ஜோஷுவா க்னோபின் நிறுவனத் தலைவர் கதைகள் இரண்டையும் ஒரே கூகுள் படிவத்தில் அடுத்தடுத்து வைத்து, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். 60 பேர் பதில் தந்தார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பதில். என் நெறியாளரோ, கணக்கெடுப்பு தத்துவமே ஆகாது என்கிறார். அவர் சொல்வது சரியா?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

நெறியாளரோடு வாதாட வேண்டாம். எத்தனை பேர் சரி என்றாலும் ஒரு செயல் சரியாகிவிடாது. ஆனால் 'யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்' என்று ஒரு தத்துவக் கட்டுரை தொடங்கினால், கேட்டுத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

என் கோபம் உங்கள் படிவத்தின் மேல். க்னோபின் 2003 கட்டுரையை முழுதாகப் படித்தீர்களா? மன்ஹாட்டன் பூங்காவில் 78 பேர். லாபத்துக்காகத் தலைவர் ஒரு திட்டத்துக்கு ஒப்புகிறார். சுற்றுச்சூழல் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. திட்டத்தால் சுற்றுச்சூழல் கெட்டது என்ற கதையைக் கேட்டவர்களில் 82 சதவீதம் பேர் 'வேண்டுமென்றே கெடுத்தார்' என்றார்கள். மேம்பட்டது என்ற கதையில் 'வேண்டுமென்றே மேம்படுத்தினார்' என்றவர்கள் 23 சதவீதமே. ஒருவருக்கு ஒரு கதைதான் தரப்பட்டது. நீங்களோ இரண்டையும் ஒரே கையில் திணித்தீர்கள். முதல் பதிலோடு முரண்படக் கூடாதென்று இரண்டாவதைச் சரிக்கட்டியிருப்பார்கள். இது பாமரர் குறை அல்ல. தத்துவவாதி ஷ்விட்ஸ்கெபெலும் உளவியலாளர் குஷ்மனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், டிராலி புதிர்களை (ஐவரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்று கேட்கும் கதைகளை) வரிசை மாற்றிக் கொடுத்தபோது, அறவியலில் தேர்ந்த தத்துவவாதிகளும் மற்றவர்களைப் போலவே வரிசைக்கேற்பச் சாய்ந்தார்கள். பிறகு கேட்ட பொதுக் கோட்பாட்டுக் கேள்வியிலும் அந்தச் சாய்வு தொடர்ந்தது.

அந்த 60 பதில்களையும் விட்டுவிடுங்கள். குழுவில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் அவை 60 தனிப் பதில்கள்கூட அல்ல. கூகுள் படிவம் ஆட்களைத் தானாகப் பிரிக்காது. பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று முதலில் கேட்டு, பதிலுக்கேற்ப ஒரு கதை மட்டும் உள்ள தனிப் பகுதிக்கு அனுப்புங்கள். 82க்கும் 23க்கும் உள்ள இடைவெளி சிறு கூட்டத்திலும் தெரியும். 50 சதவீதத்துக்கும் 65 சதவீதத்துக்கும் உள்ளதைப் பத்தில் எட்டு முறையாவது பிடிக்க, ஒவ்வொரு கதைக்கும் சுமார் 170 பேர் வேண்டும். கதைக்குப் பின் 'தலைவர் எதற்காக ஒப்புக்கொண்டார்?' என்று கேளுங்கள். தவறாகச் சொன்னவர்களை விலக்குவீர்களா என்பதைப் பதில்களைத் திறக்கும் முன்பே எழுதித் தேதியிட்டு வையுங்கள்.

மனிதர்களிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; அதனால்தான் இவ்வளவு கடுமை. அடுத்த படிவத்தை அனுப்பும் முன் பத்துப் பேரை எதிரில் உட்காரவைத்து, கதையைத் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலைவருக்கு 'அக்கறை இல்லை' என்பதை அவர்கள் 'தெரியாது' என்று சொன்னால், அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டு மறுபடி வேறு பத்துப் பேரிடம் கேளுங்கள்.