பட்டறைத் தபால்: மரத்தடியில் கிடந்த எம்.ஜி.பி.

கேள்வி: உறவினர் தோட்டத்தில் பல வருடமாக மரத்தடியில் கிடந்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1971 மாடல், கிட்டத்தட்ட சும்மாவே எனக்கு வந்திருக்கிறது. எஞ்சின் சுற்றவில்லை. தரைத் தகட்டில் ஓட்டை, சீட்டுக்குள் எலிக்கூடு. கையில் காசு குறைவு. சனி, ஞாயிறு மட்டும் முழுசாக என்னுடையவை. நண்பர்கள், "எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு பாடி, பெயிண்டிலிருந்து ஆரம்பி" என்கிறார்கள். எங்கே தொடங்கட்டும்?

பதில்: முதலில் நண்பர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காசு தாராளமாக இருப்பவர்தான் முழுசாகக் கழற்றலாம். கழற்றுவதற்கு ஒரு வாரம் போதும், செலவும் கிடையாது, வேலை மளமளவென்று நடப்பது போல ஒரு மயக்கம் வேறு. திரும்பப் பூட்டும்போதுதான் ஒவ்வொரு ரப்பரும் ஒவ்வொரு சீலும் பணம் கேட்கும், அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில். பாதியில் கை வறண்டால், நான்கு சக்கரத்தில் நிற்கும் காரை விற்கவாவது முடியும். மூட்டை கட்டிய காரை யார் வாங்குவார்கள்? (அப்படியும் ஒருவர் வாங்கியிருக்கிறார். அடுத்த கடிதம் அவருடையதுதான்.) உங்களுக்கு நான் சொல்வது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. அதை முடித்து, பூட்டி, சரிபார்த்த பிறகு அடுத்தது.

ஆனால் அதற்கும் முன்னால், பத்துக் காசு செலவழிக்காமல் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய ஒரு காந்தம், ஒரு டார்ச் போதும். எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸி, அதாவது பாடியை அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டம், கிடையாது. இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்கு இருந்தது. மேலே கூரையும் இல்லாததால், காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டித் தகடுக்குத்தான். பட்டறையில் 'சில்' என்போம். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்காக இருக்கும். சேறும் தண்ணீரும் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தத்தை சில் நெடுகிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, பட்டி. அடியில் குனிந்து ஸ்க்ரூடிரைவரால் நன்றாகக் குத்துங்கள். கூச்சப்பட வேண்டாம், குத்தினால் உள்ளே போகும் தகடு எப்படியும் வெட்டியெறிய வேண்டியதுதான். அப்புறம் கதவைப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி கீழே அகலமாகவும் மேலே நெருக்கியும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. கடைசியாக, ஒரு பக்கத்துப் பின்பகுதியை ஜாக்கில் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முதலில் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால், சில் வெறும் பேருக்குத்தான் இருக்கிறது.

இந்தச் சோதனையில்தான் உங்கள் பட்ஜெட்டே தெரியும். எஞ்சின் போனால் இன்னொரு எஞ்சின் கிடைக்கும். பாடி போனால் வெல்டிங் கூலி தின்றுவிடும். நல்ல பாடியில் செத்த எஞ்சின், நல்ல எஞ்சினில் செத்த பாடி, இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் எப்போதும் முதலாவதுதான்.

சில் மாற்ற வேண்டியிருந்தால் வெல்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே என்ன வைப்பீர்கள்?" "இரும்புக் குழாய் வைத்து இழுத்துப் பிடித்துவிட்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம்" என்று சொன்னால் காரைக் கொடுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டிய கார், தொய்ந்த நிலையிலேயே வெல்டாகி நிற்கும். பிறகு எந்தக் காலத்திலும் அந்தக் கதவு பூட்டாது. கூலியைக் குறைக்க ஒரு வழி உண்டு. கார்ப்பெட், சீட் எல்லாம் எடுத்து, அடியில் பூசிய தாரைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துக் கொடுப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். வெல்டரின் நேரம் வெல்டிங்குக்கு மட்டும் போகும். பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றாமல் யாரும் பற்றவைக்கக் கூடாது. டேங்க் காலிதானே என்பார்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

இனி எஞ்சின். செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கியரை நியூட்ரலில் வைத்துக் காரைத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் பிரேக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் மீது மட்டும் பழி போடாதீர்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஊற்றி, நாலைந்து நாள் விடுங்கள். சீக்கிரம் தீப்பற்றும் கலவை இது. திறந்த இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பிறகு நாலாவது கியர் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரேயடியாகத் தள்ள வேண்டாம், ஆட்டினால் போதும். ஒரு நூல் அசைந்தால்கூட ஜெயித்தீர்கள்; மறுபடி ஊற்றி, மறுபடி ஆட்டுங்கள். அசைய ஆரம்பித்ததும் எஞ்சின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றி, எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு வால்வு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது வேகமாகச் சுற்றினால் அந்த வால்வை இயக்கும் தள்ளுகோல் வளைந்துவிடும். ஊற்றிய கலவை அடியில் எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கும், ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். உங்களுடையது 1971 என்பதால் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, ஐந்து பேரிங் தாங்கும் 1798 சி.சி. எஞ்சின். 1964 கடைசிவரை வந்தது மூன்று பேரிங். ஐந்து பேரிங் எஞ்சின் நிறைய அடி தாங்கும்.

எஞ்சின் உயிர் பெற்ற பிறகு பிரேக், பெட்ரோல் லைன், ரேடியேட்டர், வயரிங் என்று ஒவ்வொன்றாக வாருங்கள். பழைய பெட்ரோலைச் சொட்டுவிடாமல் வடித்துவிடுங்கள், பிசினாகியிருக்கும். வயரிங்கில் பாதிக் கோளாறு எர்த்தில்தான். பாடியோடு வயர் சேரும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்தாலே பல விளக்குகள் எரியத் தொடங்கும். 1967-க்கு முந்தைய எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் சேரும். உங்களுடையதில் வழக்கம்போல நெகட்டிவ். இணையத்தில் பழைய மாடலின் படத்தைப் பார்த்து மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், ஆல்டர்னேட்டர் அந்த இடத்திலேயே போய்விடும்.

ஸ்பேனரும் அங்குலக் கணக்கில் வாங்குங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 போட்டால் 'பொருந்துகிறதே' என்று தோன்றும்; துருப்பிடித்த போல்ட்டில் ஒரு திருகு, தலை வட்டமாகிவிடும்.

பெயிண்ட் கடைசி. குரோமும் சீட்டும் அதற்கும் பின்னால். ஒன்று சொல்லட்டுமா, உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. 1988 முதல் முழுப் பாடியையே புதிதாக அடித்து விற்றார்கள். பாகம் கிடைக்காமல் நிற்க வேண்டிய கார் அல்ல.

கேள்வி: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கினேன். பழைய சொந்தக்காரர் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டார். எதற்கும் பெயர் எழுதவில்லை. என்ன செய்வது?

பதில்: வணக்கம், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு பாகமும் வாங்காதீர்கள், ஒரு போல்ட்டும் பூட்டாதீர்கள். அந்தக் காருக்குக் கம்பெனி வெளியிட்ட பாகப் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் பரப்பி வரைந்திருப்பார்கள், எண்ணும் இருக்கும். படத்தை நகலெடுத்து, தரையில் பழைய துணி விரித்து, பிரேக் ஒரு துணி, ஸ்டீயரிங் ஒரு துணி என்று படத்தில் உள்ளபடியே அடுக்குங்கள். கிடைத்ததை டிக் செய்யுங்கள். கடைசியில் டிக் இல்லாதவைதான் நீங்கள் வாங்க வேண்டியவை. இந்த ஒரு பட்டியல் இல்லாததால்தான் எல்லோரும் ஒரே வாட்டர் பம்ப்பை இரண்டு முறை வாங்குகிறார்கள்.

ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேஸி இருப்பது உங்களுக்கு வசதி. சேஸியை முதலில் சக்கரத்தில் நிறுத்திவிடலாம். பெயிண்ட் அடிக்கும் முன் பானெட், கதவு, டிக்கி எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும் பானெட் அது. இடைவெளி சரிசெய்ய ஒரு நாள் முழுக்கப் போகும், அதைப் பளபள பெயிண்டின் மேல் செய்யக் கூடாது.

கேள்வி: என் கணவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இப்போது மாடிப்படியில் ரேடியேட்டர், சமையலறைத் தொட்டியில் கார்புரேட்டர். கேட்டால், "இதோ முடிந்துவிடும்" என்கிறார். உண்மையைச் சொல்லுங்கள், இந்தக் கார் ஓடுமா?

பதில்: அம்மா, பார்சல் வரும்போது பிரித்துப் பாருங்கள். புது ஸ்டீயரிங், கியர் நாப், கம்பெனிச் சின்னம் என்று வந்தால் கார் இன்னும் கனவில்தான் ஓடுகிறது. பிரேக் ஹோஸ், ஆயில் சீல், வாஷர் கிட் என்று அழகில்லாத சாமான்களாக வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஓடும். கார்புரேட்டரை மட்டும் இன்றைக்கே சமையலறையிலிருந்து வெளியேற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்புவரை போகும். இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: பிரேக் மிதித்தால் பிடிக்கிறது, காலை எடுத்த பிறகும் முன்சக்கரம் ஒன்று விடமாட்டேன் என்கிறது. கேலிப்பரை (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரித்துச் சுத்தம் செய்தும் அதே கதை. புது கேலிப்பர் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பிடித்திருக்கும்போது அந்தச் சக்கரத்தின் காற்று நீக்கும் திருகை லேசாகத் திறங்கள். கொஞ்சம் ஆயில் பீச்சி, சக்கரம் விட்டுவிட்டால் கேலிப்பர் நல்லது. ஆயில் திரும்பிப் போக வழியில்லை என்று அர்த்தம். திருகை மூடிவிட்டு மறுபடி மிதித்துப் பிடிக்க வையுங்கள். இந்த முறை ரப்பர் ஹோஸின் மேல்முனையை, இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், தளர்த்துங்கள். இப்போதும் விடவில்லையென்றால் ஹோஸ்தான் திருடன். வெளியே புதுசு போல இருக்கும், உள்ளே ரப்பர் ஊறி வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது. கேலிப்பர் விலையோடு பார்த்தால் ஹோஸ் ஒன்றுமே இல்லை. ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆயிலும் புதிது, பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழசில் தண்ணீர்தான் பாதி வில்லன்.

கேள்வி: போர்ஷே 944 ஒன்று பல வருடம் நின்றது, வாங்கிவிட்டேன். புது பேட்டரி போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் பெல்ட். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பெல்ட்டையும் கூடவே மாற்றுங்கள்.

கேள்வி: சலவைச் சோடா கரைசலில் பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு நீக்கலாம் என்று படித்தேன். நிஜமா?

பதில்: நிஜம்தான், பட்ஜெட்காரனுக்கு இதைவிட மலிவு வேலை கிடையாது. துருப்பிடித்த பாகம் நெகட்டிவில், எதிரே வேண்டாத இரும்புத் துண்டு பாசிட்டிவில். மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம் கரையும். எதிர்த்துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது, குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழி வரும், அதனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம். அலுமினியப் பாகங்களைத் தொட்டியில் போடாதீர்கள். ஸ்பிரிங், உறுதிப்படுத்திய போல்ட் இவையும் வேண்டாம், ஹைட்ரஜன் புகுந்து முறியும் தன்மை வந்துவிடும்.

கேள்வி: வாங்கிய காரில் டயர் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி ஆழமாக இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: பட்டன் வயதைச் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும், அதன் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2315 என்றால் 2015-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். மூன்றே எண் இருந்தால் 2000-க்கு முந்தையது, காரைத் தள்ளி நகர்த்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் எண் காணவில்லையென்றால் உள்பக்கம் பாருங்கள். டிக்கியில் உள்ள ஸ்பேர் டயரையும் விடாதீர்கள், பெரும்பாலும் காரோடு பிறந்தது அதுதான்.